வேம்பைச் சுற்றிப் போட்ட சிமென்ட்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மேலகரம் வீட்டு வேப்பமரத்தை வெட்டிவிட்டோம். விறகாக வண்டியேறிப் போய்விட்டது. கொன்றது யார் என்கிறீர்களா? நான்தான்.

என் அண்ணன் போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். காலையில் மரத்தடிக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் உள்ளே வருவார். பேப்பர், தெருவில் போகிறவர்களோடு பேச்சு, குட்டித் தூக்கம் — எல்லாம் அங்கேதான்.

மண்ணில் வீல்சேர் புதைந்தது. அதனால் வாசலிலிருந்து மரத்தின் தூர் வரைக்கும் சிமென்ட் தளம் போட்டேன்.

"ரெண்டு வேரு மேல தள்ளிக்கிட்டு நிக்குது சார்" என்றார் கொத்தனார்.

"வெட்டிருங்க" என்றேன். யோசிக்கவே இல்லை.

போன மார்கழியில் இலையெல்லாம் கருகியது. "எல்லா வேம்பும் இப்படித்தான். பூச்சி. பங்குனியில தானா துளுத்துரும்" என்று தெருவே சொன்னது. பொய்யில்லை... பங்குனியில் தெருவிலிருந்த அத்தனை வேம்பும் துளிர்த்தன. எங்கள் மரத்தைத் தவிர.

சித்திரையில் ஆலங்குளத்து நண்பர் ஒருவர் வந்தார். வேளாண்மைத் துறையில் இருந்தவர். பேனாக்கத்தியால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சையே இல்லை. தூரில் காளான் பூத்திருந்தது.

"இது பூச்சி இல்ல வே. சிமென்ட் எப்பப் போட்டீரு?"

"ரெண்டு வருஷமாச்சு."

"வேரை வெட்டினீரா?"

"ரெண்டு வேரு."

"வேரு மூச்சு விட வேண்டாமா? அழுகிப் போச்சு. மார்கழியிலயே கூப்பிட்டிருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்..."

மறுநாளே தளத்தை உடைத்தோம். அழுகிய வேரை அரிந்து, தொழு உரம் போட்டு, பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டோம். எதுக்குலே உடைக்க என்று அண்ணன் கேட்டார். "பூச்சிக்கு மருந்து வைக்கணுமாம்ண்ணே" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரே ஒரு கிளையில் நாலு கொழுந்து வந்தது. வீடே போய் நின்று பார்த்தோம். பத்து நாளில் அதுவும் வாடிவிட்டது.

ஆனிக் காற்றில் மரம் தூரோடு ஆட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் விழுந்தால்? ஆள் வரச் சொன்னேன்.

வெட்டி முடிக்கிற வரைக்கும் அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் நின்றதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, பூச்சின்னா சொன்ன?"

"ஆமாண்ணே."

"முப்பது வருசம் ஸ்டேஷன்ல பொய் கேட்டவன்லே நான்." வீல்சேரை என் பக்கம் திருப்பினார். பிறகு, "என் சேருக்காகத்தான சிமென்ட் போட்ட?" என்றார்.

"உங்க மேல என்னண்ணே தப்பு? வெட்டச் சொன்னது நான்" என்றேன். ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டார்.

ஒருத்தருக்கு நல்லது செய்கிற வேகத்தில், காலடியில் என்ன கிடக்கிறது என்று யார் குனிந்து பார்க்கிறோம்?

அன்றிலிருந்து அண்ணன் வெளியே வருவதே இல்லை. நேற்று நல்ல சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம். ரோடெல்லாம் வேனும் காருமாக இருந்தது. "கொஞ்ச நேரம் வாசல்ல இருப்போமாண்ணே?" என்று கேட்டேன்.

"வெயிலா இருக்குலே" என்றார்.