கப்பலுக்குள் இறங்குகிறவள்

செருப்பை மணலில் கழற்றிவிட்டு, தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "கொஞ்ச நேரம் யாரும் தட்டாதீங்கப்பா" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டுத்தான் புள்ளியக்கா கப்பலுக்குள் இறங்குவாள். மேலே கதவை மூடிவிடுவார்கள். உள்ளே கன்னங்கரேல் என்று இருட்டு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். "வலப்பக்கம், ஏணிக்குக் கீழ, புள்ளி!" என்று கத்துவாள். வெளியே மேஸ்திரி எண்ணெயில் ஊறிய பஞ்சை அந்த இடுக்கில் வைத்து உளியால் இறுக்குவார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கரையில் கட்டிய மரக்கப்பல் எதுவும் அவள் பார்க்காமல் கடலுக்குப் போனதில்லை. வெறும் பாயை நம்பிப் போன காலம் மாறி, இப்போது பின்னால் என்ஜினும் வைக்கிறார்கள். "வச்சா என்ன? பலகை பலகைதானே, தண்ணி தண்ணிதானே" என்பாள். வெளியில் இருந்தால் அவள் வாயை யாரும் மூட முடியாது. மேஸ்திரியின் வழுக்கையைக்கூட விடமாட்டாள். "அந்தத் தலைக்கும் நாலு பஞ்சு அடிச்சு வைங்க, வெயில் உள்ள போயிடப் போகுது!"

கடைசிப் புள்ளி அடைபட்டதும் மேலே வந்துவிடலாம். வரமாட்டாள். அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பாள். கப்பல் நிற்பதோ காய்ந்த மணலில். கடல் கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். ஆனாலும் பலகைக்கு வெளியே தண்ணீர் வந்து உரசும் சத்தம் அவளுக்குக் கேட்கும். "கன்னுக்குட்டிய மாடு மோந்து பாக்குமே, அப்படிக் கடல் வந்து பாத்துட்டுப் போகுது" என்பாள். அது கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி.

ஒரே ஒரு கப்பலில் அந்தச் சத்தம் உள்ளே, அவள் காலடியில் கேட்டது. பதறி ஏறி வந்து பார்த்தால் பாதத்தில் ஈரமே இல்லை. புருஷன் போகவிருந்த கப்பல் அது. "சொன்னேன். காதுல தண்ணி புகுந்திருக்கும், தலைய சாய்ச்சுத் தட்டுன்னு சிரிச்சாரு மனுஷன்." கப்பலும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. இதைச் சொல்லும்போது அவளும் சிரிக்கப் பார்ப்பாள். பாவம், வராது.

இப்போது முடிந்திருக்கும் கப்பலில் அவளுடைய ஒரே மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மறுநாள் பயணம். கடைசியாகப் பார்த்துவிட அவள் மத்தியான வெயிலில் இறங்கினாள். மகன் புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேல்தளத்தில் பெருமையாக நின்றான்.

"எல்லாம் அடைஞ்சாச்சா அக்கா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"அடைஞ்சாச்சு."

பிறகும் அவள் ஏறி வரவில்லை. மகன் குனிந்து கதவருகே வாயை வைத்து, "என்னம்மா, கடல் வந்துச்சா?" என்று கேலியாகக் கத்தினான். ஏணி கிறீச்சிட்டது.

ஏறி வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வீட்டுக்கு வா."

"ஐயோ, எல்லாரும் பாக்குறாங்கம்மா, விடு."

விடவில்லை. மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்தார். அடித்தளம் காய்ந்துதான் கிடந்தது. அவள் மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சுடுமணலில் நடந்தாள். மற்றக் கையால், முழங்கால் அளவு தண்ணீரில் நடப்பவள்போல, சொட்டும் நனையாத சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வீட்டு வாசல்வரை அதை இறக்கவே இல்லை.