அப்பாவுக்குப் போர்த்திய பொன்னாடை

என் அப்பாவைத் தியாகி ஆக்கியது நான்தான். அவர் தியாகி இல்லை. வெள்ளைக்காரனின் போலீசில் கான்ஸ்டபிளாக இருந்தவர். சுதந்திரம் கேட்டு ஊர்வலம் போனவர்களை லத்தியால் அடித்தவர்.

இதை உங்களிடம் சொல்கிறேன். சொல்லவேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை…

எண்பதுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். என் மகள் மீராவுக்கு எட்டாம் வகுப்பில் அமெரிக்கச் சுதந்திரப் போர் பாடம். இங்கிலாந்து ராஜாவின் பக்கம் நின்றவர்களின் வீடு வாசலையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்களாம். பலர் கனடாவுக்கு ஓடினார்களாம். சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று கேட்டாள்: "தாத்தா விச் சைட், அப்பா?"

"நம்ம சைட்தான்!" என்றேன். அப்பா அப்போது மாடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? வெட்கமா? இங்குள்ள தமிழர்களில் யாரைக் கேட்டாலும் தாத்தா ஜெயிலுக்குப் போனவர், பெரியப்பா மறியல் செய்தவர். வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கியவனின் பிள்ளை ஒருவன்கூட விமானம் ஏறவில்லை போலும்! நானும் அந்த ஜோதியில் ஐக்கியமானேன்.

மீராவின் வாய் சும்மா இருக்குமா? ஆன்ட்டிகள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். ஆகஸ்ட் பதினைந்து இங்கே வேலை நாள். வழக்கம்போல் கொடியேற்றம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போய், ஒரு பள்ளிக்கூட கஃபெடீரியாவில் நடந்தது. சங்கத் தலைவர் மைக்கில், "நம்ம நடுவுல ஒரு தியாகி உக்காந்திருக்கார்!" என்றதும் அப்பா யாரென்று திரும்பிப் பார்த்தார். பொன்னாடை தன் தோளில் விழுந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அப்பா மைக்கை நோக்கி நகர்ந்தார். நான் முந்திக்கொண்டேன். "அப்பாவுக்குத் தொண்டை சரியில்ல" என்று சொல்லி, நன்றியையும் நானே சொல்லிவிட்டேன்.

மீரா தோழியின் காரில் ஏறிக்கொண்டாள். எங்கள் காரில் நானும் அப்பாவும் மட்டும். மீரா கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் ஒப்பித்தேன். அப்பா பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்த வாத்தியார் இடது கையாலதானே எழுதுவார்… ஏன்னு தெரியுமா? அவர் வலது மணிக்கட்ட ஒடச்சது நான்தான்டா."

ஐயோ, அந்த வாத்தியாரா! கரும்பலகையில் அவருடைய கோணல் எழுத்தைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். நான் யார் மகன் என்று அவருக்குத் தெரியும். ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

"சுதந்திரம் வந்துச்சு. தொப்பியில இருந்த கிரீடத்த எடுத்துட்டு சிங்கத்தக் குத்தினாங்க. ஆளு அதே ஆளு, லத்தியும் அதே லத்தி. அவருக்குக் கை போச்சு. எனக்கு புரமோஷன் வந்துச்சு. ஏன்டா அடிச்சேன்னு ஒருத்தர் கேக்கல. எந்தப் பக்கம் நின்னேன்னு என் பேத்திதான் மொத மொதல்ல கேட்டிருக்கா. நானே அவகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம்ப்பா. சின்னப் பொண்ணு. அவளுக்குப் புரியாது."

"புரியாதவளா இந்தக் கேள்விய கேட்டா?"

அவர் ஊருக்குக் கிளம்பும்வரை இருவரையும் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டேன். என்ன சாமர்த்தியம்!

அப்பா ஊர் திரும்பிச் சில மாதங்கள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவருக்கு மூச்சு வாங்கியது. "மீராகிட்ட குடுடா. இன்னைக்குச் சொல்லிடறேன்."

மீரா என் பக்கத்தில்தான், ரிசீவருக்குக் கையை நீட்டியபடி நின்றிருந்தாள்.

"அவ தூங்கறாப்பா" என்றேன்.

அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

வாத்தியாரிடம் கேட்காத மன்னிப்பை ஒரு சின்னப் பெண்ணிடமாவது கேட்டுவிடலாம் என்று தவித்த மனிதர் அவர்… அவர் வாயைப் பொத்த நான் யார்? அவர் மானத்தைக் காப்பாற்றினேனா, என் மானத்தையா? இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் எதுவும் நிற்கவில்லை.

காரியமெல்லாம் முடித்து நான் பிஸ்கட்டவே திரும்பிய அன்று மீரா கேட்டாள்: "வாட் டிட் தாத்தா வான்ட் டு டெல் மீ, அப்பா?"

"உன்னை நல்லா படிக்கச் சொன்னார்" என்றேன்.

அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை எடுத்துவைத்துப் படிக்க உட்கார்ந்தாள்.