கெட்டிலுக்குள் தொப்பை

கேமராக்காரி என்பது அவளுக்குச் சித்தப்பா வைத்த பெயர். பாராட்டி வைத்ததில்லை. பத்து வயதில் அப்பாவின் பழைய செல்போனைத் தூக்கிக்கொண்டு அவள் அலைந்தபோது வீட்டில் ஒருவரும் முகம் காட்டவில்லை. அக்கா தலை சீவவில்லை என்றாள். அப்பா வேலை கெடுகிறது என்றார். சித்தப்பாவோ தன் மூஞ்சியை எடுப்பதற்கென்று தனியாக ஆள் பிறந்து வரவேண்டும் என்ற நினைப்பில் இருப்பவர். நகராமல், வாய் பேசாமல் நின்றவை சமையலறைப் பாத்திரங்கள் மட்டும்தான். அவற்றை எடுத்தாள். எடுத்த படத்திலெல்லாம், பாத்திரத்தின் பளபளப்பில், அவளே கோணல்மாணலாகத் தெரிந்தாள். படத்திலிருந்து தன்னை வெளியேற்ற எட்டு வருடம் பாடுபட்டாள். படுக்கை விரிப்பில் ஓட்டை போட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியதும் அதற்காகத்தான். செல்போன் போய் யாரோ கழித்துக் கட்டிய கேமரா ஒன்று வந்தது. சொல்லிக்கொடுக்க மட்டும் யாரும் வரவில்லை.

"குண்டுச்சட்டியில குதிரை ஓட்டுறா" என்று சித்தப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் ஓட்டிய குதிரையை யாரும் பார்த்ததில்லை. இருபத்தைந்து வருடமாக ஒரே அலுவலகம், ஒரே நாற்காலி, அதற்கும் ஒரு கால் ஆட்டம். அந்த அலுவலகத்திலேயே அவளுக்கும் தட்டச்சு வேலை பிடித்துவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் கேமராவால் ஒரு வேலை வராவிட்டால் மறுபேச்சு பேசாமல் வருவதாக அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் கடைத்தெருப் பாத்திரக்கடைக்காரர் புதுக் கேட்டலாக் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார். படம் எடுத்தவர் ஸ்டுடியோக்காரர். இருபது வருட அனுபவம் என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கும் மேதை. முதல் பக்கத்தில் கெட்டில். கெட்டிலின் நடுவில் அவருடைய தொப்பை, சிவப்புச் சட்டையோடு, ஒரு பொத்தான் இல்லாமல். கிண்ணத்திலும் அவர். மூடியிலும் அவர். ஆறு கரண்டிகளில் ஆறு பேராக, தலைகீழாக, அவரே. ஆயிரம் பிரதி அச்சாகும்வரை இது அவர் கண்ணில் படவில்லை. கல்யாணப் பெண்களின் முகத்தில் வெள்ளை பூசியே பழகிய கண்ணுக்குப் பாத்திரம் எங்கே தெரியும்? கடைக்காரர் சண்டைக்குப் போனதற்கு, பாத்திரம் அவ்வளவு பளபளப்பு என்றுதானே அர்த்தம், கடைக்கல்லவா பெருமை என்றாராம். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல்.

வியாழக்கிழமை அவள் கடைக்குப் போய், படம் எடுத்துக் காட்ட ஒரு கெட்டில் கேட்டாள். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். யாரிடம் படித்தாய் என்றார். யாரிடமும் இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கி, போனால் போகட்டும் என்று அடி நசுங்கிய கெட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

வீட்டில் விரிப்புகளால் அதைச் சுற்றிக் கூடாரம் கட்டி, ஓட்டை வழியாக லென்ஸை மட்டும் நுழைத்தாள். காலை வெளிச்சம் துணிக்குள் இறங்கக் காத்திருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பா, கெட்டிலுக்குக் குளிர்கிறதா என்று விசாரித்தார். அவள் விரிப்பின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

சனிக்கிழமை கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். கெட்டிலில் வெளிச்சம் மட்டும் இருந்தது. விரல் வைத்துத் தேடினார்.

"நீ எங்கம்மா இருக்க இதுல?"

"நான் வெளியில இருக்கேங்க."

அவர் படத்தை வைத்துவிட்டு உள்ளே பார்த்தார். இருநூற்றுப் பத்து உருப்படி இருக்கிறது, மொத்தத்தையும் அவளே எடுக்க வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை சித்தப்பா தேய்த்த சட்டையோடு அழைத்துப்போக வந்தார். வாசலில் கடை வண்டி நின்றது. நடையில் பானைகள் வழியை அடைத்திருந்தன. ஒன்றை நகர்த்த அவர் குனிந்தார். அவள் ஒரு துணியை நீட்டினாள்.

"வெறுங்கையால தொடாதீங்க சித்தப்பா. ரேகை படத்துல விழும்."

அவர் துணியோடு பானையைத் தூக்கி நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"அப்ப ஆபீசுல நான் என்ன சொல்றது?"

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க. அதை அந்த மேஜை மேல வைங்க, மெதுவா."

வைத்தார், மெதுவாகவே.