ஏழாம் கட்டிலின் மணி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் என்னையே எளிதில் நம்பாத ஆள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அதனால்தான் எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் குறித்து வைக்கிறேன். அன்றைய பக்கத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாலைக் கணினி வகுப்பின் கடைசித் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன். இன்னொரு முறை தோற்றால் மறுபடி சேர்க்க மாட்டார்கள். முதியோர் இல்லம் ஒன்றின் அழைப்பு மணிகளுக்காக எழுதப்பட்ட பழைய புரோகிராமைச் சார் எல்லோருக்கும் கொடுத்திருந்தார். அதில் பயன்படாத பெயர்களை அழிக்க வேண்டும். கிரெப் என்று ஒரு கட்டளை. பெயரைக் கொடுத்தால், அது எந்தெந்த வரியில் வருகிறது என்று கறுப்புத் திரையில் காட்டும். ஒரே ஒரு வரியில், அதாவது அதை அறிமுகப்படுத்தும் வரியில் மட்டும் வந்தால், அந்தப் பெயரை யாரும் பயன்படுத்தவில்லை என்று பொருள். அழித்துவிடலாம்.

மாலை 7:10. bell_7 என்று தேடினேன். ஒரே வரி. அழிக்கக் கை வரவில்லை. மறுபடி தேடினேன். ஒன்று.

“எத்தனை தடவைடா? தொலைஞ்ச செருப்பையா தேடற?” என்றான் பக்கத்து இருக்கைச் சுருட்டை.

மூன்றாம் முறை தேடினேன்... இரண்டு.

புரோகிராமை நான் தொடவே இல்லை.

7:16. ஐந்து. எங்கோ மெல்லிய மணி. டிங்...

“கேக்குதா?”

“என்னது?”

7:21. பதினெட்டு. டிங்... டிங்... என் கணினியில் ஸ்பீக்கரே கிடையாது.

7:29. நாற்பத்தொன்று.

மணி நின்றது.

“இன்னும் என்னப்பா?” பின்னால் சார். “அழிச்சிட்டு எழுந்திரு.”

“அழிக்க மாட்டேன் சார்.”

“ஃபெயில் போட்டுருவேன்.”

“போட்டுக்குங்க. யாரோ கூப்பிடறாங்க. அந்த மணியைப் பிடுங்குற ஆள் நான் இல்ல.”

சார் குனிந்து திரையைப் பார்த்தார். விரலால் அந்தப் பெயரைத் தொட்டார். வெளியே போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து முடிவை ஒட்டினார்கள். புரோகிராமைச் சமர்ப்பிக்கவில்லை, ஃபெயில். இருக்கட்டும். இன்னொரு முறை உட்கார வைத்தாலும் அழிக்க மாட்டேன்.

சார் படிக்கட்டில் காத்திருந்தார்.

“அந்தப் புரோகிராமை எழுதினதே நான்தான். ஒரே ஃபோல்டர்ல மட்டும் தேடிட்டு, யாரும் யூஸ் பண்ணலன்னு bell_7-ஐ அழிச்சேன். அன்னிக்கு ராத்திரி ஏழாம் கட்டில் அம்மா பட்டனை அழுத்திக்கிட்டே இருந்திருக்காங்க. மணி அடிக்கல. காலையில உயிர் இல்ல.”

பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

“உங்களுக்குக் குடுத்தது அதுக்கப்புறம் எடுத்த காப்பி. அதுல அந்தப் பேரே கிடையாதுப்பா. மத்த மெஷினெல்லாம் பார்த்துட்டேன்... எதுலயும் இல்ல.”

“எத்தனை தடவை அழுத்தினாங்க சார்?”

“நாப்பத்தோரு தடவை. பட்டன் பதிவுல இருந்துச்சு.”

நோட்டைத் திறந்து காட்டினேன். அன்றைய பக்கத்தின் கடைசி வரி, என் கையெழுத்தில்.

7:29. நாற்பத்தொன்று.