திக்கித் திக்கி ஓடிய கல்யாணம்

போன வாரம் ஒரு பத்திரிகை வைக்கச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் செட்டாப் பாக்ஸ் இருந்தது. அதற்குப் பூப்போட்ட துணியில் அழகாக ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். சும்மா இருக்காமல் உறையைத் தூக்கிப் பார்த்தேன். சூடேறிய தூசி வாசனை குப்பென்று அடித்தது. இஸ்திரிப் பெட்டிக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில் இருக்குமே, அப்படி ஒரு வாசனை. மற்றவர்களுக்கு அது தூசி. எனக்கு அது கீழ்பென்னாத்தூர். இன்னும் உள்ளதைச் சொன்னால், என் முட்டாள்தனம்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். விசிட்டிங் கார்டில் மட்டும் ‘ஹார்டுவேர் நிபுணர்’ என்று நிமிர்ந்து நிற்பேன். மூன்று மாதக் கோர்ஸில் இரண்டு மாதம் போனவன் நான். ரிப்பேர் செய்வதை அந்த மூன்றாவது மாதத்தில்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். முழுவதையும் கேட்டுவிட்டு, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, ‘வைரஸ்’ என்பேன். அந்த ஒரு வார்த்தை எல்லா நாட்டுக்காரர்களுக்கும் புரிந்தது.

மல்லிகா அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவர். அவர் கணவர் குமரேசன் அண்ணன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே பெண் செல்விக்கு வைகாசியில் கல்யாணம். லீவு கிடைக்காமல் அண்ணனால் வர முடியவில்லை. ஐப்பசியில் இருபது நாள் லீவில் வரப்போகிறார். அதற்குள் அவர் ஏற்கெனவே வாங்கி அனுப்பியிருந்த பெரிய டிவியில், தியேட்டர் மாதிரி சத்தத்தோடு, கல்யாண வீடியோ ஓட வேண்டும். அக்காவுடைய ஆசை அவ்வளவுதான். ஒரு டிவிடி பிளேயர் வாங்கிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். நான் விடவில்லை.

“கம்ப்யூட்டரையே டிவில சேத்துடலாம்க்கா. ஹோம் தியேட்டரு. இந்தச் சுத்துவட்டாரத்துலயே உங்க வீட்லதான் மொதல்ல.”

“நல்லா ஓடுமா தம்பி?”

“பறக்கும்க்கா.”

அஞ்சு ஸ்பீக்கர் மாட்டினேன். ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒன்று அரிசி மூட்டைக்கு மேலே. கம்ப்யூட்டர் பெட்டியை வெளியே வைத்தால் அழகாக இருக்காது என்று, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே அதற்கென்று ஓர் அறை அடிக்கச் சொன்னேன். முன்னால் கண்ணாடிக் கதவு. பின்னால் முழுக்கப் பிளைவுட், ஒயர் போக மட்டும் ஓர் ஓட்டை. “எறும்பு பூந்துகூடப் போவ முடியாதுண்ணா” என்று ஆசாரியிடம் பெருமையாகச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எறும்பு மட்டும் இல்லை, காற்றும் போக முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஸ்டூடியோவில் கொடுத்த கல்யாண வீடியோ தட்டு சொந்தக்காரர் வீடு வீடாகச் சுற்றிக் கீறல் விழுந்துகொண்டிருந்தது. அது முழுதாகப் பாழாவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அக்கா சுலபமாகத் திறக்கட்டும் என்று முகப்புத் திரையிலேயே வைத்தேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்துபோனேன்.

அண்ணன் வந்தார். மறுநாள் காலை கடைக்குப் போன்.

“தம்பி, வீடியோ நின்னு நின்னு வருது. இன்னானு வந்து பாருங்க.”

போனேன். கூடம் நிறைய ஆட்கள். திரையில் செல்வி கும்பிடக் கை தூக்குகிறாள். தூக்கின கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. ஆறேழு எண்ணினால் கை கீழே வந்துவிடுகிறது, எப்போது வந்தது என்று தெரியாது. மேளம் மட்டும் கல்யாணத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் டிவிக்கு நேர் எதிரே தரையில் சம்மணம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொத அஞ்சு நிமிஷம் நல்லாத்தான் ஓடுது தம்பி. அப்புறம் சூடு ஜாஸ்தியாவுது, திக்குது” என்றார் அக்கா.

கேட்டீர்களா? முதல் நாள், முதல் வாக்கியம். வியாதி, காரணம் எல்லாம் அதில் இருந்தது. நிபுணர் சிரித்தார்.

“அது இல்லக்கா. கோடெக் ப்ராப்ளம்.”

வீடியோவைப் பிரித்துக் காட்டும் மென்பொருளுக்குக் கோடெக் என்று பெயர். அரை மணி நேரம் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் இருந்ததையெல்லாம் ஏற்றினேன். வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. வடை, டீ எல்லாம் ஆயிற்று. போகும்போது கதவை நானே பத்திரமாகச் சாத்தினேன். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் என் செல்லில் போன். “தம்பி, மறுபடியும்.”

அடுத்த நாள், கம்ப்யூட்டரின் மெமரிச் சில்லான ராமை மாற்றினேன். பெட்டியை வெளியே எடுத்துப் பாயில் படுக்கவைத்து மாற்றியதால் பிரமாதமாக ஓடியது. உள்ளே தள்ளி மூடினேன். இந்த முறை பஸ் ஏறின பிறகு போன். கண்டக்டர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாகிவிட்டது. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாம் நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்களுக்குக் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. டி டிரைவ் என்று தனியாகப் பிரித்த பாகத்தில் வைத்தது மட்டும் தப்பிக்கும். அண்ணன் நிலத்துப் பக்கம் போயிருந்தார். அக்காவைக் கேட்டேன்.

“முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?”

“இருக்கும் தம்பி” என்றார். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் அதைக் கேட்டேனே, என்னை என்ன சொல்வது?

எல்லாம் முடிந்து திரை பளிச்சென்று வந்தது. புதிது மாதிரி, அப்பழுக்கில்லாமல். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார்.

“கல்யாணம் எங்க தம்பி?”

முகப்புத் திரையில் வைப்பது எதுவும் அழிகிற பக்கத்தில்தான் இருக்கும். அதை அங்கே வைத்தவன் நான்.

“இருக்குக்கா. இன்னும் லோடு ஆவணும். கடைல வச்சுதான் செய்யணும்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடையில் உட்கார்ந்து, அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒவ்வொன்றாக ஓட்டினேன். என்னென்னவோ கிடைத்தது. கல்யாணம் கிடைக்கவில்லை. கீறல் விழுந்த தட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அது சுற்றக்கூட மறுத்துவிட்டது. மிச்சம் இருந்தது கல்யாணத்தைப் படம் பிடித்த ஸ்டூடியோ பாபு மட்டும்தான். மறுநாள் பௌர்ணமி. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டம் ஒரு பக்கமாக வர, நான் எதிர்ப் பக்கமாக இடித்துக்கொண்டு நடந்தேன். அவர்களுக்குப் புண்ணியம், எனக்குத் திட்டு.

பாபு அலமாரியில் கேசட்டுகள் வரிசையாக இருந்தன. செல்வி பெயரில் இரண்டு.

“முகூர்த்தம் இருக்குண்ணா” என்றான். இரண்டாவதைத் திருப்பிக் காட்டினான். செல்வி பெயரை அடித்துவிட்டுக் கீழே வேறு யாரோ பெயர். “ரிசப்ஷன் டேப்புல போன மாசம் ஒரு மஞ்சள் நீராட்டு எடுத்துட்டேன். அவங்ககிட்டதான் டிஸ்க்கு இருக்கே, இன்னாத்துக்கு வச்சிக்கினுன்னு.”

அவன் செய்ததில் தப்பே இல்லை. முகூர்த்தத்தை மட்டும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். வழியெல்லாம் பொய் தயார் பண்ணினேன். வைரஸ், மின்வெட்டு, கேசட் பூஞ்சை. வாசலில் அண்ணன் நின்றுகொண்டு, “வாப்பா, சாப்ட்டியா?” என்று கேட்டதும் எல்லாப் பொய்யும் போய்விட்டது.

“அண்ணா, ரிசப்ஷன் இல்லண்ணா. நான்தான் அழிச்சிட்டேன். அது இனிமே கிடைக்காது.”

அவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரம் வைத்தார். பிறகுதான் கேட்டார். “தாலி கட்றது இருக்குதா?”

“இருக்குண்ணா.”

“சரி. போடு.”

அக்கா அப்படி விடவில்லை. “என் கூடப் பொறந்த அண்ணன் பாடுனாரே அதுல. செல்வி சிரிச்சிக்கினே அழுதாளே, அது?” என்றார். டீ கொண்டுவந்து ணங்கென்று வைத்தார். அவ்வளவு கோபத்திலும் சர்க்கரை சரியாகப் போட்டிருந்தார். அதுதான் என்னை இன்னும் குறுகவைத்தது.

பெட்டியை அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, வீடியோவைப் போட்டேன். ஐந்து நிமிஷம். செல்வியின் கை அந்தரத்தில் நின்றது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா எழுந்து வந்தார். புறங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார், குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது மாதிரி. கதவைத் திறந்தார். நான் முதலில் சொன்ன அந்தத் தூசி வாசனை அப்போது வந்ததுதான். மூலையில் இருந்த டேபிள் ஃபேனை இழுத்து வந்து அறைக்கு நேராக வைத்துப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து செல்வி கையைக் கீழே இறக்கினாள். மேளமும் ஆட்களும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். அதற்கப்புறம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

“மொத நாளே சொன்னேன்” என்றார் அக்கா. அவ்வளவுதான். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பின்பக்கப் பிளைவுட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். ஏதாவது செய்கிற மாதிரி இருக்க வேண்டுமே. ஒரு ஃபேன் காற்றில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு, நான் ஒரு சாயங்காலத்தையே அழித்திருந்தேன். அந்த வீட்டுக்கு இனி அது திரும்ப வராது.

தாலி கட்டும் இடம் வந்தது. பெண்ணைத் தாரை வார்க்கிற இடத்தில் அண்ணனின் தம்பி உட்கார்ந்திருந்தார். அண்ணன் முன்னால் குனிந்தார். அதற்குள் அந்தக் காட்சி போய், சாப்பாட்டுப் பந்தி வந்துவிட்டது.

“தம்பி, திக்கிக்கினு வந்தப்போ எம் பொண்ணு மொகத்த நல்லா பாத்தேன். இப்போ கடகடன்னு ஓடிடுதே” என்றார் அண்ணன்.

கீபோர்டை அவர் மடியில் வைத்து, நீளமான பட்டனைக் காட்டினேன். ஒரு தட்டு தட்டினால் நிற்கும், இன்னொரு தட்டுக்கு ஓடும். பின்னால் போவதற்கு எந்த பட்டன் என்றும் சொன்னேன். கிரேன் ஓட்டுகிற அந்தப் பெரிய விரலால் மெதுவாகத் தட்டினார். செல்வி தலை குனிந்தபடி நின்றாள். அந்த நாலு நாளில் அந்த வீட்டுக்கு நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒன்றுதான். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் நானும் கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம்.

அந்த மாடிப்படிக் கடை இப்போது இல்லை. கேசட் போய், பாபுவின் ஸ்டூடியோவும் போனது. குமரேசன் அண்ணன் ஊரோடு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் வீட்டுப் பெட்டி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. நான் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். எனக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அதில் காகிதம் நீட்டுகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஏதாவது கெட்டுப்போனால் புதிது வாங்கிவிடுகிறார்கள், வீட்டுக்கு வா என்று யாரும் கூப்பிடுவதில்லை. அன்றைக்கெல்லாம் இந்தச் சுற்றுப்பட்டில் எத்தனை வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். வெண்டைக்காய் வாசனையோடு, யார் யாரோ திட்டத் திட்ட, அவர்கள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு. இப்போது எந்த வீட்டில் எந்தப் படம் ஓடுகிறது, அதைப் பார்த்து யார் அழுகிறார்கள் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது.