வரப்போகிறவளின் சேலைகள்

தி.நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை. எனக்குப் பதினான்கு வயதானபோது, வரியைக் குறைக்க ஆடிட்டர் ஒரு வழி சொன்னார்.

"வருமானத்தைப் பிரிச்சுக் காட்டணும் அண்ணாச்சி. வரப்போற மருமகளுக்குன்னு ஒரு டிரஸ்ட் போட்டுருங்க. அவளுக்குத் தனியா வரிவிலக்கு உண்டு."

அப்பா கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்றும் தீரவில்லை.

இல்லாத ஒருத்திக்கு வருஷந்தோறும் வரிக் கணக்குப் போனது. காகிதத்தில் வந்துவிட்டவளை எப்படி விடுவது என்று அம்மா தீபாவளிதோறும் கடையிலிருந்து ஒரு புதுச்சேலை எடுத்து, முனையில் மஞ்சள் தடவி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பைவிட்டு இறங்கியதே இல்லை.

பத்து வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமானது. மறுநாள் அம்மா பீரோவைத் திறந்து, "எல்லாம் உனக்குத்தான் தாயி" என்றாள். என் மனைவி ஒரு சேலையை உதறினாள். பிறகு அடுத்ததை, அதற்கடுத்ததை.

"அத்தை, இதெல்லாம் கட்டின சேலைல்ல? கொசுவம் வச்ச மடிப்பு தெரியுதே."

அம்மா இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவிக் கயிறு அங்கேயேதான் இருந்தது.

மறுவாரம் டிரஸ்ட் பணத்தை என் மனைவியிடம் ஒப்படைக்க ஆடிட்டர் காகிதத்தோடு வந்தார். அவள் பேனாவைத் தொடவில்லை.

"அது எனக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு வந்தவங்களோடது" என்றாள்.