நான் பிடுங்கிய குருத்து

“இந்தச் செடியும் செத்துப் பூட்டுச்சுன்னா நீ வேலைக்கே வராத. சொல்லிட்டேன்” என்றார் முதலாளி.

கூட்டேரிப்பட்டு பக்கம் ஒரு நர்சரியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். எங்களிடம் பிஸ்மார்க் பாம் என்கிற அலங்காரப் பனைச் செடிகள் இரண்டே இரண்டு இருந்தன. நம் பனைபோல விசிறி ஓலைதான், ஆனால் வெள்ளி பூசினாற்போல் மினுங்கும். வேர் அசைந்தால் இதற்கு ஆகாது. முதல் செடியை நான் தொட்டி மாற்றினேன். ஒரே மாதத்தில் நடுக்குருத்து அழுகிச் செத்தது. அழுகிய குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும், நாற்றம் குமட்டும். அழுகலைக் கண்டுபிடிக்க அதுதான் எங்கள் டெஸ்ட்.

இரண்டாவதைக் கோட்டக்குப்பத்தில் ஷமீமா என்பவர் வீட்டில் நட்டோம். துபாயில் இருக்கும் அவர் கணவர் ஆசைப்பட்டுக் கேட்ட செடி. புது ஓலை விரியும்வரை பொறுப்பு எங்களுடையது.

முதலாளி என்னிடம் அப்படிச் சொன்னது அன்றுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் பிடித்துப் போய்க் குருத்தை இழுத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தால் வீடு வரும்வரை நிம்மதி. வந்ததும், சரியாக இழுத்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். அடுத்தமுறை இன்னும் பலமாக இழுப்பேன்.

“யக்கா, வர்றப்பல்லாம் அத புடிச்சி இழுத்துக்கினே இருக்கீங்களே, ஒண்ணும் ஆவாதா?” என்று கேட்டார் ஷமீமா.

“டெஸ்ட்டும்மா. உனக்குத் தெரியாது” என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

நாலாவது வாரம் குருத்து கையோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தேன். கெட்ட வாடையே இல்லை. அடிப்பக்கம் நுங்குபோல வெள்ளையாக இருந்தது. நல்ல குருத்து.

“அழுகிப்போச்சா யக்கா?” என்றார் ஷமீமா. ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. எனக்கு வாய் வரவில்லை.

“இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சி. நாந்தான் புடுங்கிட்டேன்.”

முதலாளியிடமும் அதையே சொன்னேன். அவர் கத்தியது ஹைவே வரை கேட்டிருக்கும். கடைசியில், “மருந்து ஊத்திட்டு வா. அடுத்த குருத்து வருதான்னு பாத்துட்டு உன் கதைய முடிவு பண்றேன்” என்றார்.

மூன்று மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் காலை ஷமீமா போன் செய்தார்: “யக்கா, நடுவுல ஊசி மாதிரி ஒண்ணு எட்டிப் பாக்குது. ஜல்தியா வாங்க!”

இப்போது நர்சரி வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். குருத்தையும் பக்கத்து மட்டையையும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். குருத்தின் கோடு மேலே ஏறினால் செடி வளர்கிறது. நம் பயத்துக்குச் செடி என்ன செய்யும்? ஷமீமா போன் செய்த அன்று நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அந்தச் செடியிடம் போனேன்.